ரெத்தினபாய் டீச்சரின் ஜீவிய சரித்திரம்

கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை எப்சிபா மூன்றாவது தடவையாக முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது, ஈரம் வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம்.

உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஃப்ரீசர் பெட்டிக்குள் மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைப் பட்டுச் சேலை, கால்மாட்டில் சம்பங்கி மாலை, மார்பின் மேல் கறுப்பு அட்டை பைபிள், அதன் மேல் சேர்த்துவைத்துக் கைக்குட்டையால் கட்டிய கைகள். மாமியாரின் வாய்க்கு நேர் மேலே மட்டும் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வட்டம். மூக்கில் பஞ்சு வைத்திருந்தது. வாயையும் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி மூடியிருந்தது. அப்படியிருக்க அந்த வட்டம் அங்கே என்னத்துக்கு வந்தது?

பெட்டி என்றால் ஈரம் படியத்தான் செய்யும் என்று எப்சிபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

அவளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மாமியார் ரெத்தினபாய் வேதசிரோமணியின் ஜீவிய சரித்திரத்தை ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். இவர்கள் சபையில் அடக்க ஆராதனையில் அதை வாசிப்பார்கள். எங்கே பிறந்தார், எங்கே படித்தார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், எப்படிக் கர்த்தருக்குள் போனார் என்று. பாட்டு அச்சடிக்கிற தாளின் பின்பக்கத்திலும் அது வரும்.

"நீதானே கூடவே இருந்த, எப்சி. உனக்குத்தான் தெரியும். அஞ்சு மணிக்குள்ள பிரஸ்சுக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் தனசிங் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். அப்பாவின் கல்லறையையே திறந்து அம்மாவையும் வைக்க ஏற்பாடு. ஊரிலிருந்து வந்த பெண்கள் எல்லோரும் பக்கத்து வீட்டு ஷரீஃபா அக்கா ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே ஏசி ரூமில் சாய்ந்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று நேற்றிலிருந்து அந்த அம்மாதான் இரண்டு வேளையும் பார்த்துக்கொள்கிறது.

சாவு நேற்று விடியற்காலை. அடக்கம் நாளைக் காலை பத்து மணிக்கு. கனடாவிலிருந்து இளையவன் அசரியா இன்று சாயங்காலம்தான் வந்து இறங்குகிறான். அவனுக்காகத்தான் பெட்டி.

"எங்கள்ல காலையில மவுத்துன்னா சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள எடுத்துடுவாங்கம்மா. இப்பிடி வெச்சிருக்கிறது பாவமா இல்ல?" என்று ஷரீஃபா அக்கா நேற்று மெதுவாகக் கேட்டது. அப்புறம் தானே, "பெத்த புள்ள வரணும்ல, அதுவும் சரிதான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டது. இரண்டு நாளாக யார் என்ன சொன்னாலும் தூரத்து வீட்டு டிவி மாதிரிதான் எப்சிபாவுக்குக் கேட்டது. அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்து பார்த்தாள், வரவேயில்லை. தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரை ஊசி போட்ட இடம் மாதிரி மரத்துக் கிடந்தது.

எழுதினாள்.

'திருமதி ரெத்தினபாய் அவர்கள் 1943-ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தார்கள். தாம்பரம் ரயில்வேயில் பணியாற்றிய திரு. வேதசிரோமணி அவர்களைக் கரம்பிடித்து இவ்வூர் வந்தார்கள். சேலையூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியையாகப் பணிபுரிந்தார்கள்.'

முப்பத்து நான்கு ஆண்டை ஒரு வரியில் எழுதிவிடலாம்தான். கேம்ப் ரோட்டில் பஸ் நின்றால் பாதிப் பஸ் இறங்கி வந்து "வணக்கம் டீச்சர்" என்று சொல்லும், அதை எப்படி எழுதுவது? மாமனார் போன பிறகு இந்த மனையை வளையலை விற்று வாங்கி, சித்தாளோடு சித்தாளாக நின்று கல் தூக்கிய பொம்பளை. நாத்தனார் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள், யார் வீட்டில் கஷ்டமென்றாலும் இங்கே ஒரு பாய் விரித்துப் படிக்கவைத்த பொம்பளை. எப்சிபாவுக்கு இரண்டு கருவும் தங்காமல் போனபோது உறவுக்காரி ஒருத்தி வாயை விட, "என் மருமகளப் பத்திப் பேசினா இந்த வாசப்படி மிதிக்காத" என்று சாப்பாட்டுத் தட்டோடு எழுப்பி அனுப்பிய பொம்பளை. அன்றைக்கு எப்சிபா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாளே, அந்த அழுகையில் ஒரு சொட்டு இன்றைக்கு மிச்சமில்லை.

பெட்டியின் மோட்டார் ர்ர்ர் என்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கிவைத்த பாலு நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தான். "அக்கா, இன்னா ஆனாலும் மூடிய மட்டும் தொறக்காதீங்க. ஒரு தபா தொறந்தா கூலிங்கு பூடும். கரண்ட் போனாலும் ஒண்ணும் பேஜார் இல்ல, மூடிகினு இருந்தா மூணு மணி நேரம் தாங்கும்."

சம்பங்கி வாடை, ஊதுபத்தி வாடை, மாமியாரின் அறையிலிருந்து இன்னும் போகாத டெட்டால் வாடை. ஜன்னலை அடைத்துப் போர்வை தொங்கவிட்டிருந்தும் மே மாத வெயில் ஓரம் வழியாக உள்ளே வந்து பெட்டியின் ஸ்டீல் விளிம்பில் பட்டுக் கூசியது.

அடுத்து என்ன எழுதலாம்? சின்ன வயதுக் கதை. மாமியாரின் கதைகளிலேயே பேர்போனது அதுதான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வகுப்பில் சொல்லுவாராம்.

ஒன்பது வயதில் ரெத்தினபாய்க்கு டைபாய்டு. மூச்சில்லை, நாடியில்லை, போய்விட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தச்சன் பலகைப் பெட்டி அடித்துக் கொண்டுவந்தான். உள்ளே கிடத்தி மூடியும் வைத்தாகிவிட்டது. ஆணி அடிக்கப் போகும்போது அவருடைய அம்மா ஓடிவந்து, 'ஏ ரெத்தினம்' என்று ஒரு தடவை கூப்பிட்டாராம். உள்ளேயிருந்து டக், டக், டக்.

"எனக்கு எல்லாம் கேட்டுக்கிட்டுதான் பிள்ள இருந்துச்சு. அவங்க பாடுறது, ஆசாரி ஆணி தேடுறது, எல்லாம். வாய்தான் திறக்கல. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாத் தட்டிரலாம்னு காத்துக்கிட்டு கெடந்தேன்" என்பார் மாமியார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். பிள்ளைகளும் சிரிக்கும்.

எப்சிபாவிடம் ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் சொன்னார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "நீ ஒரு காரியம் செய்யணும். டாக்டர் சொன்னாலும் சரி, தனசிங் சொன்னாலும் சரி. மூடி போடுறதுக்கு முன்னால ஒரு தடவ என்னக் கூப்பிட்டுப் பாத்துரு. செய்வியா?"

"போங்க மாமி, என்ன பேச்சு இது."

"செய்வேன்னு சொல்லு."

"செய்றேன் மாமி."

பேனா தாளிலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நாற்பதுக்கு கரண்ட் போயிற்று.

ஃபேன் சுற்றிச் சுற்றி அடங்கியது. மோட்டார் ஒரு தடவை உதறிவிட்டு நின்றது. இரண்டு நாளாகக் காதிலேயே குடியிருந்த சத்தம் சட்டென்று இல்லாமல் போனதும், வீடு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்தது. குழாயில் ஒரு சொட்டு விழுவது சமையலறையிலிருந்து கேட்டது. தெருவில் ஒரு நாய் தரையைப் பிறாண்டி நிழல் தேடுவது கேட்டது. அவளுடைய மூச்சு அவளுக்கே கேட்டது.

டக்.

ஸ்டீல் சூடாகிச் சத்தம் போடுகிறது என்று நினைத்தாள்.

டக். டக்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சத்தத்தை அவள் ஆறு வருஷமாகக் கேட்டவள். பக்கவாதம் வந்து மாமியாருக்குப் பேச்சு போய், இடது பக்கம் முழுதும் விழுந்து, வலது கை மட்டும் மிஞ்சியது. அந்தக் கையில் கழற்ற முடியாமல் இறுகிப்போன கல்யாண மோதிரம். அதைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் கூப்பிடுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பெட் பேன். மூன்று என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்கார்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் எப்சிபா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மூன்றுதான் அவளைக் கொன்றது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. போய் உட்கார்ந்தால் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். விடமாட்டார். ஆறு வருஷம்.

நேற்று நாலு மணிக்கும் மூன்று தட்டு வந்தது. எப்சிபா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. மறுபடியும். அரை மணி நேரம். அப்புறம் நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது. சத்தியமாக அப்பாடா என்றுதான் இருந்தது.

ஐந்தரைக்குப் போய்த் தொட்டபோது கை சில்லென்றிருந்தது. தனசிங்கை எழுப்பி, "மாமி போயிட்டாங்க" என்றாள். தெரு முனை டாக்டர் வந்து இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுச் சர்ட்டிஃபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது மணிக்குப் பெட்டி வந்தது. "பாக்கறவங்கல்லாம் பாத்துக்குங்க, மூடப் போறேன்" என்றான் பாலு. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பீன்ஸ் நறுக்கின நாள் அவளுக்கு அப்போது நன்றாகவே ஞாபகம் வந்தது. வாயைக்கூடத் திறந்தாள்.

கூப்பிடவில்லை.

மறந்து இல்லை. கூப்பிட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்துதான் கூப்பிடவில்லை.

டக். டக். டக்.

இந்தத் தடவை ஸ்டீல் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அது அட்டையில் மோதிரம் படுகிற சத்தம். மொத்தை அட்டை. பைபிள் அட்டை.

எழுந்தாள். கண்ணாடிக்கு மேல் குனிந்தாள். வாய்க்கு மேலிருந்த வட்டம் இப்போது முகம் முழுவதையும் மூடியிருந்தது. முகம் தெரியவில்லை. கையும் பாதிதான் தெரிந்தது. கைக்குட்டை, மோதிரத்தின் ஒரு ஓரம்.

நாலு கொக்கிதான். பக்கத்துக்கு இரண்டு. விரலால் தள்ளினாலே விட்டுவிடும். முதல் கொக்கியில் கை வைத்தாள். ஐஸ் மாதிரி சுட்டது.

திறக்கலாம். இல்லை, திறக்கக்கூட வேண்டாம், கூப்பிட்டால் போதும். ஒரு வார்த்தை. மாமி. அவ்வளவுதானே?

கூப்பிட்டு, பதில் வந்தால்?

ஆஸ்பத்திரி. மறுபடியும் கட்டில். டெட்டால். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. அந்தக் கை. விடாத கை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிற கண்.

டக்.

விரல் கொக்கியிலேயே இருந்தது.

டக்.

கரண்ட் வந்தது.

ஃபேன் முனகிச் சுற்றியது. மோட்டார் உதறிக்கொண்டு எழுந்து, ர்ர்ர் என்று அறை முழுக்க நிரம்பியது. மூன்றாவது தட்டு வந்ததா இல்லையா, தெரியாது. எப்சிபா கொக்கியிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலிக்குத் திரும்பினாள். வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, அதுவும் வரவில்லை. மை ஊறின புள்ளிக்குப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே போனாள்.

'ஆறு ஆண்டுகள் நோய்வாய்ப்பட்டிருந்தும் ஒருபோதும் முறுமுறுத்ததில்லை. மருமகள் பராமரிப்பில் யாதொரு குறையுமின்றி வாழ்ந்து, செவ்வாய் அதிகாலை அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.'

டைபாய்டு கதையை எழுதவில்லை. நாலரை மணிக்கு எழுதின தாளைப் படம் எடுத்து பிரஸ்சுக்கு அனுப்பினாள்.

அசரியா ஏழு மணிக்கு வந்தான். தோளில் பையோடு வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு நேராகப் பெட்டியின் மேல் விழுந்து, "தொறங்க, தொறங்க, எங்கம்மாவ நான் தொடணும்" என்று அழுதான். தனசிங் தயங்கினான். தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்த பாலுவைக் கூப்பிட்டார்கள். "அஞ்சே நிமிஷம் சார், அதுக்கு மேல வேணாம்" என்று அவன் கொக்கிகளை விட்டு மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான்.

புகை மாதிரிக் குளிர் கீழே இறங்கித் தரையில் பரவியது. பெண்கள் பாட்டு எடுத்தார்கள். எப்சிபா கால்மாட்டில் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

அசரியா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அம்மாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கீழேயிருந்த பைபிள் தெரிந்தது.

"அண்ணா, இது அம்மாவோட பழைய பைபிளா?"

"இல்லடா, புதுசு. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கினது. எப்சிதான் நேத்து கவரப் பிரிச்சு வெச்சா."

"புதுசா? அட்ட உரிஞ்சு போயிருக்கே."

நடுவில், மோதிரம் படுகிற இடத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு உரிந்து உள்ளே மொத்தையட்டை வெளுத்திருந்தது. வெளுத்து, குழிந்தும் போயிருந்தது. ஒரு தட்டு இரண்டு தட்டில் விழுகிற குழி இல்லை அது. நேற்று காலை ஒன்பதிலிருந்து எத்தனை மூன்று இருக்கும் என்று எப்சிபா கணக்குப் போட்டுப் பார்த்தாள். முடியவில்லை.

அசரியா கையைத் திரும்ப வைத்தான். எல்லா விரலும் பைபிள் மேல் படிந்தன. மோதிர விரல் மட்டும் படியவில்லை. அட்டைக்கு ஓர் அங்குலம் மேலே, தட்டுவதற்கு ஓங்கின மேனிக்கு, அப்படியே நின்றது. தனசிங் அமுக்கிப் பார்த்தான். இறங்கவில்லை.

"வுடு சார், ஐஸ்ல வெறச்சிப் பூட்டா அப்டித்தான் நிக்கும்" என்றான் பாலு. "மூடிடவா? அப்பால காலையில பத்து மணிக்குத்தான் தொறப்பேன்."

எல்லோரும் எப்சிபாவைப் பார்த்தார்கள். நேற்றைப் போலவே.

"அண்ணி, கடைசில அம்மா ஏதாவது கேட்டாங்களா?" என்றான் அசரியா.

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினான். தனசிங் அவனைத் தாங்கிக்கொண்டு வெளியே நடந்தான். பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போயிற்று. பாலு மூடியைத் தூக்கச் சுவர் பக்கம் குனிந்தான்.

எப்சிபா தலைமாட்டுக்கு வந்து காதோரம் குனிந்தாள். தனக்கே கேட்காத குரலில், "மாமி" என்றாள்.

ஓங்கியிருந்த விரல் மெதுவாக இறங்கியது. அவசரமே இல்லாமல். மோதிரம் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது.

டக்.

மூன்றாவது.

மூன்று என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்கார். எப்சிபா பிளாஸ்டிக் நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டி இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோக்கா" என்று பாலு மூடியை இறக்கினான். ஒரு கொக்கி. இரண்டு. மூன்று. சொல்வதற்கு நேரம் இருந்தது. நாலாவது கொக்கியைப் போட்டுவிட்டு அவன் ஸ்விட்சைத் தட்டினான். மோட்டார் ஓடத் தொடங்கியது.

எப்சிபா மடியில் கை வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்திருந்தாள். துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அப்புறம் வாய்க்கு நேர் மேலே, உள்பக்கம், சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. சுருங்கியது. மறைந்தது. மறுபடியும் விழுந்தது.